மூடாத அழைப்புகள்

பிப்ரவரி 9

அக்கா,

ஞாயிற்றுக்கிழமை போனைப் பட்டென்று வைத்ததற்கு மன்னிப்புக் கேட்கத்தான் எழுதுகிறேன் என்று நீ நினைத்தால் நினைத்துக்கொள். கேட்கப்போவதில்லை. ஒரு மனுஷன் செத்துப்போய், என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்து, நான் அழுதுகொண்டே போட்ட போனில் நீ சொன்ன முதல் வார்த்தை என்ன? “அதை நாங்க சரி பண்ணி மூணு வருஷம் ஆச்சேடி.” சரி பண்ணிவிட்டாயாம். யாருக்கு?

போனில் பேசினால் நீ பாடம் எடுப்பாய், நான் வைத்துவிடுவேன். அதனால் எழுத்திலேயே பேசுவோம். நீதான் உலகத்தோடெல்லாம் மெயிலிலேயே சண்டை போடுகிறவள் ஆயிற்றே.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். அன்றைக்கு அழுகையில் பாதியை முழுங்கிவிட்டேன். எங்கள் ஆம்புலன்ஸ் கன்ட்ரோல் ரூமில் நாற்காலிக்கு ஒரு கம்ப்யூட்டர். அழைப்பு வந்தால் முகவரியை அடிப்போம். வரைபடம் திறக்கும். பக்கத்தில் எந்த வண்டி சும்மா நிற்கிறது என்று காட்டும். அதைத் தொட்டால் டிரைவருக்குத் தகவல் போய்விடும். அவ்வளவுதான் வேலை. மத்தியானம் ஒரு அம்மா கூப்பிட்டாள். கணவர் லிஃப்ட் மெக்கானிக். சாப்பிட உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார், மூச்சு ஒரு மாதிரி இழுக்கிறது. முகவரியை அடித்தேன். வரைபடம் பாதி திறந்து நின்றுவிட்டது. நெஞ்சில் எப்படி அழுத்துவது என்று அந்த அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிற பட்டனையெல்லாம் தட்டினேன். மவுஸ் மட்டும் நகர்கிறது, வேறு ஒன்றும் அசையவில்லை. கடைசியில் முகவரியை உள்ளங்கையில் கிறுக்கிக்கொண்டு பக்கத்து நாற்காலிக்கு ஓடினேன். ஹெட்செட் ஒயர் அவ்வளவு தூரம் வராது. கழற்றிப் போட்டுவிட்டுத்தான் ஓட முடிந்தது. திரும்பி வந்து மாட்டினால், “இருக்கீங்களா? இருக்கீங்களா?” என்று அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். வண்டி போய்ச் சேர்ந்தபோது செய்வதற்கு ஒன்றும் இல்லை.

மேற்பார்வையாளர் எழுதிய குறிப்பில் ‘பணியாளரின் தாமதம்’ என்று இருக்கிறது. மெஷினைக் கொடுத்த கம்பெனியின் ஆள் வந்தான், அணைத்துப் போட்டான், சமர்த்தாக ஓடியது. “எங்க பக்கம் ஒண்ணும் இல்ல சார்” என்று டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டான். விசாரணை முடியும்வரை நான் வீட்டில்.

வேலை போவதுகூட அப்புறம். நீ ஒன்றே ஒன்று சொல். தாமதம் மெஷினுடையதா, என்னுடையதா? எனக்கு இது தெரிந்தாக வேண்டும். அந்த மெஷினின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் எனக்குக் கூடப் பிறந்து தொலைத்திருக்கிறாள். வேறு யாரிடம் போய்க் கேட்பேன்?

வாயாடி


பிப்ரவரி 11

வாயாடிக்கு,

நீ சொன்னது சரி. முதலில் அழுகையைக் கேட்டிருக்க வேண்டும். எனக்கு அது வராது. சிடுமூஞ்சி என்று நீ பெயர் வைத்தபோது உனக்கு ஆறு வயதுகூட இருக்காது, அப்போதே கண்டுபிடித்துவிட்டாய்.

போன் போடும் முன்னால் நீ எடுத்து அனுப்பிய படத்தில், மெஷின் மறுபடி தொடங்கும்போது ஓடும் வரிகளுக்கு நடுவே கெர்னலின் வெர்ஷன் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அதனால்தான் அப்படிச் சொன்னேன். கெர்னல் என்றால், நீ பார்க்கும் வரைபடம், பட்டன் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது. மெஷினின் நினைவகத்தை எல்லா நிரலுக்கும் பங்கு போட்டுக் கொடுப்பது அதுதான். உலகம் முழுக்கப் பலர் மெயிலில் பேசிச் சேர்ந்து எழுதுவது. அதில் நான் பார்த்துக்கொள்வது ஒரு சின்ன மூலை. ஹாஷ் என்போம்.

சூப்பர் மார்க்கெட் வாசலில் பையை வாங்கி வைக்கும் ஆளை நினைத்துக்கொள். அவருக்குப் பின்னால் நிறைய பெட்டிகள் கொண்ட அலமாரி. ஒவ்வொரு பைக்கும் ஒரு எண். எதை எங்கே வைப்பது என்று யோசிக்க நேரமில்லை, அதனால் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். பையின் எண்ணை ஒரு பெரிய எண்ணால் பெருக்கு, விடையில் சில இலக்கங்களை மட்டும் எடு, அதுதான் பெட்டி. திரும்பக் கேட்கும்போதும் அதே கணக்கு, அதே பெட்டி, உடனே எடுத்துக் கொடுத்துவிடலாம். இதில் எல்லாமே அந்தப் பெரிய எண்ணைப் பொறுத்தது. நல்ல எண் என்றால் பைகள் அலமாரி முழுக்கச் சிதறும். மோசமான எண் என்றால், சம இடைவெளியில் வரும் எண்கள் கொண்ட பைகள் எல்லாம் ஒரே பெட்டியில் போய்க் குவியும். அப்புறம் யாராவது பையைக் கேட்டால் குவியலை ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டியதுதான். அதுவரை வரிசையில் இருப்பவர்கள் எல்லாரும் நிற்பார்கள். உன் ஸ்கிரீன் நின்றது அப்படித்தான்.

பழைய எண்ணை வைத்தவர்கள் முட்டாள்கள் இல்லை. பெருக்குவதே மெஷின்களுக்குப் பாரமாக இருந்த காலம் அது. சுலபமாகப் பெருக்கக்கூடிய எண்ணாகப் பார்த்து எடுத்தார்கள். வேகம் கிடைத்தது, சிதறல் போயிற்று. அதைத்தான் நாங்கள் மாற்றினோம். ஒரே வரி. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். உங்களுக்கு மெஷின் கொடுத்த கம்பெனி எடுத்துக்கொள்ளவில்லை.

தாமதம் மெஷினுடையது. உன்னுடையது இல்லை.

அம்மாவிடம் நீ சொல்லவில்லை போலிருக்கிறது. “சின்னவ ஏன் பகல்லயும் வீட்லயே இருக்கா?” என்று நேற்று என்னைக் குடைந்தாள். லீவு என்று சொல்லிவைத்திருக்கிறேன். நீயும் அதையே சொல்.

அக்கா


பிப்ரவரி 15

அக்கா,

உன் கடிதத்தின் கடைசிப் பகுதியை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. முதல் பகுதியை இவர் படித்துவிட்டு, “உங்க அக்கா அவ்வளவு படிச்சது கடைசியில பை வாங்கி வைக்கவா?” என்றார். நான் சிரித்தேன். சிரித்தது எனக்கே கேட்டது, அப்படியே நிறுத்திக்கொண்டேன்.

வியாழக்கிழமை விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வராந்தாவில் ஒரு நீளப் பெஞ்சு. எதிர்ப் பெஞ்சில் ஒரு அம்மா, மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. எனக்கு யாரென்று தெரியாது. பியூனிடம் “தண்ணி எங்கேங்க இருக்கு?” என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். அவள் சட்டென்று தலையைத் தூக்கிப் பார்த்தாள். குரலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டாள், அக்கா. லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி. திட்டியிருந்தால்கூட வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

உள்ளே அதிகாரி தன்மையான ஆள்தான். நீ எழுதியதை என் பாஷையில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார். “ஒரே மெஷின், ஒரே வேலை. பக்கத்து நாற்காலியில நிக்காதது உங்களுக்கு மட்டும் ஏம்மா நிக்குது?” கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

யோசித்துப் பார்த்தால் நியாயமான கேள்வி. பக்கத்து நாற்காலிக் கண்ணாடிக்காரியும் நானும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். அவள் மெஷின் ஒரு தடவைகூட நின்றதில்லை. அவள் எல்லாவற்றிலும் டக்டக் ஆள். வண்டி கிளம்பியதும் அழைப்பை மூடிவிட்டு அடுத்ததை எடுப்பாள். நான் அப்படி இல்லை. ஆள் ஆஸ்பத்திரிக்குள் போய்ச் சேரும்வரை மூடமாட்டேன். திறந்து வைத்திருந்தால்தான் அவர்கள் மறுபடி கூப்பிடும்போது நேராக எனக்கே வரும், முதலிலிருந்து ராமாயணம் பாட வேண்டாம். பயந்து போயிருப்பவர்களுக்கு அதே குரல் கேட்டால் பாதி உயிர் வரும். இதற்காகக் கண்ணாடிக்காரி என்னை ‘ஆயா’ என்றுதான் கூப்பிடுவாள்.

நீ உன் பெயரில் ஒரு அறிக்கை எழுதி விசாரணைக்கு அனுப்பு. கம்பெனிக்கும் எழுது. அந்தக் கேள்விக்கும் பதில் போடு. ஏன் எனக்கு மட்டும்?

வாயாடி


பிப்ரவரி 20

வாயாடிக்கு,

கம்பெனிக்கு எழுதினேன். மரியாதையான பதில் வந்தது. என் அக்கறைக்கு நன்றியாம். அந்த வெர்ஷனுக்குத்தான் சுகாதாரத் துறை ஒப்புதல் கொடுத்திருக்கிறதாம். ஒரு வரியை மாற்றினாலும் முழுவதையும் மறுபடி சோதித்து ஒப்புதல் வாங்க வேண்டும், வருஷத்துக்கு மேல் ஆகும் என்கிறார்கள். இதுபோன்ற புகார் இதுவரை பதிவாகவில்லை என்றும் ஒரு வரி.

அங்கே வேலை செய்யும் ஒருவரை எனக்கு மெயில் வழியாகத் தெரியும். கூப்பிட்டுக் கேட்டேன். “மேடம், உங்க மாற்றம் வந்த அன்னைக்கே படிச்சேன். எங்க மெஷின்ல இல்லன்னும் தெரியும். மேல சொன்னேன். கை வைக்காதேன்னுட்டாங்க” என்றார். என்னைவிட அவர் குரல்தான் அதிகம் உடைந்திருந்தது.

அறிக்கையின் வரைவை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் கேள்விக்கு: ஒரே மாதிரி மெஷின்களிலும் நினைவகம் ஒரே மாதிரி நிரம்புவதில்லை. எது எப்போது தொடங்கியது, எந்த வரிசையில் திறந்தது என்று பல காரணங்கள் இருக்கலாம். உறுதியாகச் சொல்வது கடினம் என்று அதிகாரியிடம் சொல்.

சாப்பிடுகிறாயா?

அக்கா


பிப்ரவரி 24

அக்கா,

மழுப்புகிறாய்.

அலமாரி, பை, பெட்டி என்று எனக்குப் புரியும்படி எழுதத் தெரிந்தவளுக்கு இந்த ஒரு கேள்விக்கு மட்டும் ‘பல காரணங்கள் இருக்கலாம்’ தான் வருகிறதா? சின்ன வயதில் என் சைக்கிளை யார் மோதி நசுக்கியது என்று கேட்டபோதும் இப்படித்தான் காற்று, மேடு, பிரேக் என்று சுற்றி வளைத்தாய். நீ சாப்பிட்டாயா என்று கேட்பதே வருஷத்துக்கு ஒரு தடவை. அதையும் கேட்டுவிட்டாய். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, எதையோ மறைக்கிறாய்.

சொல்லிவிடு. நான் இங்கே நகத்தைக் கடித்துக்கொண்டு நாளைத் தள்ளுவதைவிட அது மோசமாக இருந்துவிடாது.

வாயாடி


பிப்ரவரி 26

வாயாடிக்கு,

சொல்கிறேன். முழுவதையும் படித்துவிட்டு அப்புறம் அழு.

இங்கே என் மேஜையில் ஒரு பழைய மெஷினில் அதே வெர்ஷனை ஏற்றினேன். உங்கள் நிரல் எப்படி நடந்துகொள்ளும் என்று அந்தக் கம்பெனிக்காரர் சொன்னதை வைத்து, அதேபோல ஒன்றை எழுதி ஓடவிட்டேன். ஓர் அழைப்பு திறந்திருக்கும்போது அதற்குள் வரைபடத் துண்டுகள், குரல் பதிவு, வண்டி இருக்குமிடம் என்று சின்னச் சின்னதாக நிறைய திறந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் நினைவகத்தில் சம இடைவெளி விட்டு உட்காருகிறது. அந்தப் பழைய எண்ணுக்கு ஆகவே ஆகாதது அதுதான்.

அழைப்பை உடனுக்குடன் மூடினால் குவியல் சேராது. மூடாமல் வைத்தால் எல்லாம் ஒரே பெட்டிக்குள் ஏறிக்கொண்டே போகும். கண்ணாடிக்காரி மாதிரி ஓடவிட்டேன், நிற்கவே இல்லை. உன்னை மாதிரி ஓடவிட்டேன். நின்றது. மறுபடி செய்து பார்த்தேன், மறுபடி நின்றது.

இப்போது நான் சொல்வதைக் கேள். மூடு என்று உனக்கு யாரும் சொல்லவில்லை. மூடாமல் இருந்தால் மெஷின் நிற்கும் என்று அந்தக் கம்பெனிக்குக்கூடத் தெரியாது. உட்கார்ந்ததும் உடையும் நாற்காலியைக் கொடுத்துவிட்டு, அதில் நீ நிறைய நேரம் உட்கார்ந்தாய் என்று சொல்ல முடியாது. தவறு மெஷினுடையது. அதில் மாற்றமில்லை.

ஆனால் இந்த ஒரு வரி விசாரணைக்குப் போனால் அவர்கள் இதை மட்டும்தான் படிப்பார்கள். அதனால் எழுதவில்லை. நீயும் எழுதச் சொல்லாதே.

அக்கா


பிப்ரவரி 28

படித்தேன்.

அன்றைக்கு என் ஸ்கிரீனில் திறந்திருந்தவர்கள் எல்லாம் ஞாபகத்துக்கு வருகிறார்கள். மாடிப்படியில் விழுந்த ஒரு பெரியவர். வலி எடுத்த ஒரு பெண், அவள் புருஷன் மூன்று தடவை கூப்பிட்டான். கையில் கண்ணாடி குத்திய ஒரு சமையல்காரர். எல்லாரும் பிழைத்துவிட்டார்கள். அவர்களைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், லிஃப்ட் மெக்கானிக் செத்துப்போனார்.

நாற்காலிக் கதையெல்லாம் எனக்குச் சொல்லாதே.


மார்ச் 2

அடியே,

போனை எடு. நீ எடுக்காமல் உன் வீட்டுக்காரர் எடுத்து “படுத்திருக்கா அக்கா” என்கிறார். பின்னால் டிவி ஓடும் சத்தத்தில் நீ மூக்கை உறிஞ்சுவது எனக்குக் கேட்கிறது.

என் வேலையில் எப்போதும் சொல்வோம், இது பொதுவான ஹாஷ், யார் எதைக் கொண்டுவந்து போட்டாலும் பாரபட்சமில்லாமல் சிதறடிக்க வேண்டும் என்று. போடுகிறவரைக் குறை சொல்லக்கூடாது என்பதுதான் அதன் அர்த்தமே. உன்னிடம் இதைச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை, தெரியும். எடு.

அக்கா


மார்ச் 6

அக்கா,

உன் அறிக்கையை இன்னும் அனுப்பவில்லையே? இருக்கிறபடியே அனுப்பாதே. நான் மூடாமல் வைத்ததைச் சொல்லும் அந்த வரியையும் சேர்த்து அனுப்பு.

கத்தாதே, காரணம் சொல்கிறேன். நேற்று கண்ணாடிக்காரி வீட்டுக்கு வந்திருந்தாள். என்னை நிறுத்தி வைத்ததில் அங்கே எல்லாருக்கும் மனசு சரியில்லையாம். மேற்பார்வையாளர் மேல் கோபம். அதற்கு என்ன செய்திருக்கிறார்கள் தெரியுமா? “இப்ப நாங்க யாருமே அழைப்ப மூடறதில்ல ஆயா. ஆஸ்பத்திரி போய்ச் சேர்ற வரைக்கும் திறந்தே வெச்சிருக்கோம், உன்ன மாதிரியே” என்று பெருமையாகச் சொல்கிறாள். கூடவே, “என் ஸ்கிரீனும் இப்பல்லாம் நிக்குது. சரி, எல்லாருக்கும் நின்னாத்தான் அவனுங்களுக்கு உறைக்கும்” என்கிறாள்.

எனக்கு ஆதரவாக இத்தனை நாற்காலியிலும் மெஷினை நிறுத்திக்கொண்டிருக்கிறார்கள், அக்கா! மூடிவிடுங்கடி என்று அவள் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். ஏன் என்றாள். நீ சொன்னதைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தாள், திரும்பப் போட மறந்துவிட்டாள். அவள் ஒருத்தியிடம் சொல்லியாயிற்று. மற்ற ஷிஃப்ட்காரர்களுக்கு நான் சொன்னால் யார் கேட்பார்கள்? வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவள் பயத்தில் உளறுகிறாள் என்பார்கள். எழுத்தில், உன் பெயரில் போனால்தான் மேலிருந்து உத்தரவு வரும்.

இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. இன்றைக்கே அனுப்பு.

வாயாடி


மார்ச் 9

வாயாடிக்கு,

அனுப்பிவிட்டேன்.

அதற்கு முன்னால் கடைசியாக ஒன்று செய்து பார்த்தேன். அந்தப் பழைய வெர்ஷனுக்கே பொருந்துகிற மாதிரி எங்கள் திருத்தத்தைத் தனியாக வெட்டி, சோதித்து, அவர்கள் போட்டுக்கொண்டால் போதும் என்கிற அளவுக்குத் தயாராகக் கம்பெனிக்கு அனுப்பினேன். கிணற்றில் போட்ட கல். அங்கே எனக்குத் தெரிந்த அந்த ஆளைக் கூப்பிட்டால் இப்போதெல்லாம் எடுப்பதில்லை.

அறிக்கையில் நீ கேட்ட வரி இருக்கிறது. ‘அழைப்புகளை நீண்ட நேரம் திறந்து வைப்பது இந்தக் குறையைத் தூண்டுகிறது. திருத்தம் வரும்வரை உடனுக்குடன் மூட வேண்டும்.’ அடுத்த வரியில், தடித்த எழுத்தில், ‘இது பணியாளரின் தவறு அல்ல’ என்று போட்டிருக்கிறேன். இதுவரை எந்த அறிக்கையிலும் நான் தடித்த எழுத்து போட்டதில்லை.

அனுப்பும் பட்டனை அழுத்திவிட்டு எழுந்து போய்க் கை கழுவினேன். ஏனென்று தெரியவில்லை.

அக்கா


மார்ச் 30

அக்கா,

முடிந்தது. வேலை போகவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், நீ மேலே படிக்க வேண்டுமே.

உன் அறிக்கையை மேஜைமேல் வைத்திருந்தார்கள். கம்பெனியின் வக்கீல் முதல் வரிக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டுக்கொண்டு வந்திருந்தார். “இவ்வளவு பெரிய நிபுணரே சொல்லியிருக்காங்க” என்று உன்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். அடுத்த வரியை நான் படிக்கச் சொன்னேன். “அது அவங்க அபிப்பிராயம். முதல் வரி தொழில்நுட்பம்” என்றார். தன்மையான அதிகாரிகூடத் தலையாட்டினார். நீ என் அக்கா என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. சொந்தத் தங்கைக்கு எதிராகவே எழுதியிருப்பதால் அந்த வரியை இன்னும் நம்பலாமாம்.

முடிவு இதுதான். பணியாளர் வழக்கத்துக்கு மாறாக நிறைய அழைப்புகளைத் திறந்து வைத்ததால் கருவி தாமதமானது. எச்சரிக்கை, ஊதிய உயர்வு நிறுத்தம், பழைய நாற்காலி திரும்பக் கிடைக்கும். இனிமேல் வண்டி கிளம்பியதும் அழைப்பு தானாகவே மூடிக்கொள்ளும்படி கம்பெனி மாற்றிக் கொடுக்கும். ஒரே வாரத்தில் செய்துவிடுவார்களாம். அதற்கு மட்டும் யாருடைய ஒப்புதலும் வேண்டாமாம், மேலே உள்ள நிரல்தானே.

லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவியை உள்ளே கூப்பிட்டு முடிவை வாசித்தார்கள். அவளுக்குப் புரியவில்லை. பக்கத்தில் இருந்த ஒருவர், “ஒரே நேரத்துல நிறைய பேரைப் பார்த்துக்கிட்டதுல உங்க வீட்டுக்காரருக்கு லேட்டாயிடுச்சும்மா” என்று சுருக்கிச் சொல்லிவிட்டார். அவள் என் பக்கம் திரும்பினாள். கோபமாகக்கூட இல்லை. “அந்த நேரம் என்னை மட்டும் பார்த்திருக்கலாமேம்மா” என்றாள்.

நான் என்ன பதில் சொல்வேன்? பெட்டி, பை, பெரிய எண் என்று ஆரம்பிக்கவா?

வாயாடி


ஏப்ரல் 2

வாயாடிக்கு,

என் வரியை வைத்தே உன்னை அடித்திருக்கிறார்கள். எழுதினால் இப்படித்தான் ஆகும் என்று தெரிந்தே எழுதினேன், எழுதாமல் இருந்திருந்தால் வேறு யாராவது செத்திருப்பார்கள். லீவு போட்டு வரட்டுமா? வந்து என்ன செய்வேன் என்றும் தெரியவில்லை. உன் பக்கத்தில் உட்கார்ந்து தப்பாக ஏதாவது பேசுவேன்.

இந்த வாரம் எங்கள் குழுவில் ஒருவர் புது யோசனை அனுப்பியிருக்கிறார். ஹாஷில் அந்தப் பெருக்கலை எடுத்துவிட்டு இன்னும் மலிவான ஒரு கணக்கு வைக்கலாமாம், துளி வேகம் கூடுமாம். கெட்டிக்காரப் பையன். ஒழுங்காக எழுதியிருக்கிறான். வேண்டாம் என்று பதில் போட்டேன். ஏன் என்று காட்ட, ஓடவிட்டு அளந்த அளவீடு கேட்கிறான். எங்கள் வழக்கம் அது, கேட்பதில் தப்பில்லை. ‘ஒரு லிஃப்ட் மெக்கானிக் சாப்பிட உட்கார்ந்தார்’ என்று எழுதினேன். அழித்தேன். எங்கள் இடத்தில் அதற்கு அளவு கிடையாது. அளவீடுகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

வேலைக்குப் போகிறாயா?

அக்கா


ஏப்ரல் 17

அக்கா,

போகிறேன். வராதே, லீவை வீணாக்காதே. அம்மாவிடம் லீவு முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். “எதுக்கு இவ்வளவு நாள் லீவு, வேலை போயிடப் போவுது” என்று அவள் எனக்குப் புத்தி சொன்னாள்.

ஸ்கிரீன் இப்போது நிற்பதே இல்லை. எல்லாருக்கும் சந்தோஷம். மேற்பார்வையாளர் காலையில் வரும்போதே சிரிக்கிறார். வண்டி கிளம்பிய உடனே அழைப்பு தானாக மறைந்துவிடுகிறது. நான் கையை மடியில் வைத்துக்கொண்டு அது போவதைப் பார்க்கிறேன். கண்ணாடிக்காரி இப்போதெல்லாம் என்னை ஆயா என்று கூப்பிடுவதில்லை. பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள், எனக்குத்தான் திரும்பிப் பார்க்க வரவில்லை.

நேற்று முற்பகலில் ஒரு பெரியவர் கூப்பிட்டார். மனைவி குளியலறையில் விழுந்து கிடக்கிறார், பேச்சு குழறுகிறது. பதட்டத்தில் அவருக்குக் கதவின் தாழ்ப்பாளே பிடிபடவில்லை. முகவரி வாங்கினேன், மெதுவாகப் பேசி வாசல் கதவைத் திறக்க வைத்தேன். வண்டி கிளம்பியது. “நான் இருக்கேன் ஐயா” என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அழைப்பு மூடிக்கொண்டது. அடுத்தது வந்துவிட்டது, ஒரு பெண்ணுக்குக் கால் முறிவு, எடுத்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து நாற்காலியில் கண்ணாடிக்காரி கேட்பது காதில் விழுகிறது. “பேர் சொல்லுங்க ஐயா. முகவரி சொல்லுங்க. இல்லைங்க, எனக்கு முதல்லேர்ந்து சொல்லுங்க.” பெரியவர் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார். யார் சும்மா இருந்தார்களோ அவர்களுக்குப் போயிருக்கிறது. “அந்தப் பொண்ணு இங்கதாங்க இருக்கா, நீங்க என்கிட்ட சொல்லுங்க” என்று அவள் சொல்கிறாள். என் காதில் கால் முறிந்த பெண் வலியில் கத்திக்கொண்டிருக்கிறாள். கண்ணாடிக்காரி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். கை நீட்டினால் அவள் தோளைத் தொட்டுவிடலாம், அவ்வளவு பக்கம். பெரியவர் முகவரியை மறந்துவிட்டார் போலிருக்கிறது. “பதட்டப்படாதீங்க, யோசிச்சு சொல்லுங்க” என்று அவள் மறுபடி மறுபடி சொல்கிறாள். எனக்கு அந்த முகவரி மனப்பாடம். சொல்வதற்குள் அந்தப் பக்கம் போன் வைத்துவிட்டார்கள்.

ஷிஃப்ட் முடிந்ததும் பெரியவரின் மனைவி பிழைத்தாரா என்று தேடிப் பார்த்தேன். மூடிய அழைப்பைத் திறக்க எங்களுக்கு இப்போது அனுமதி இல்லை. மேற்பார்வையாளரைக் கேட்டேன், “அதெல்லாம் உனக்கு எதுக்கும்மா, வண்டி சரியான நேரத்துக்குக் கிளம்பிச்சு இல்ல?” என்றார்.

கிளம்பிச்சு என்றேன்.

வாயாடி